கிருமிநாசினிக்கு ‘ஊறுநேரம்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

கிருமிநாசினி பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ‘காண்டாக்ட் டைம்’ (கிருமி சாக மருந்து அதன்மேல் பட்டபடியே இருக்க வேண்டிய நேரம்) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டும் சொல்லியும் வந்த மடல்களைப் படித்தேன். அவற்றில் ஒன்றான ‘தொடர்பு நேரம்’ எனக்கு உடன்பாடில்லை. நாகர்கோவிலில் எந்த வீட்டில் காட்டினாலும், கம்பெனிக்கு எத்தனை மணிக்குப் போன் பண்ணலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மருந்து பட்டதுமே கிருமி செத்துவிடும் என்ற நினைப்புதான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். குளச்சல் சாளை மீனை வெட்டிக் கழுவியபின் அடுக்களை மேடையில் மருந்தைத் தெளிக்கிறோம். தெளித்த கையோடு துணியால் வழித்தெடுத்துவிடுகிறோம். வாசம் நிற்கிறது, கிருமியும் நிற்கிறது. 0.1 சதவீதக் குளோரின் கரைசலுக்கே குறைந்தது 1 நிமிடம் வேண்டும். தரை துடைக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு 10 நிமிடம். அதுவும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கணக்கு. மீன் ரத்தமும் செதிலும் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிப் போகும். சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு மருந்தைக் கலக்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்: ப்ளீச்சிங்கோடு கக்கூஸ் கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

ஆகவே நமக்கு வேண்டியது ‘பொறு’ என்று சொல்கிற சொல்.

‘ஈரநேரம்’ நல்ல முன்மொழிவு. அவ்வளவு நேரமும் மேடை நனைந்தே இருக்க வேண்டும் என்பது அதில் வந்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றடிக்கிற மாதங்களில் தெளித்தது சட்டென்று காய்ந்துவிடும், மறுபடி தெளித்தாக வேண்டும். ஆனால் கிணற்றுக்கு இது ஒத்துவராது. மழைக்காலத்தில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறோமே, அங்கும் குளோரின் வேலை செய்யக் குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும். கருத்து ஒன்றுதான். தண்ணீருக்கு ஏது ஈரநேரம்?

என் பரிந்துரை ‘ஊறுநேரம்’. துணியை ஊறப்போடுகிறோம், அரிசியை ஊறப்போடுகிறோம்; ஊறுவதற்குப் பொறுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஊறு என்றால் தீங்கு என்ற பொருளும் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊறுகாய் என்றதும் யாருக்கும் தீங்கு நினைவுக்கு வருவதில்லை. அதே வினைத்தொகைதான் இதுவும். இன்னொன்று, ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்கிற குறளில் ஊறு என்பது தொடு உணர்வு. மருந்து கிருமியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் என்ற மூலக் கருத்துக்கும் அது பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஒரே ஒரு இடத்தில் இடறும். கிணறு ஊறுவது என்றால் நம்மூரில் தண்ணீர் சுரப்பது. அங்கே மட்டும் ‘மருந்து ஊறுநேரம்’ என்று விரித்து எழுதினால் சரியாகிவிடும்.

லேபிளில் இப்படி வரலாம்: ‘ஊறுநேரம் 10 நிமிடம். அதுவரை துடைக்க வேண்டாம், காயவும் விட வேண்டாம்.’ கிணற்றுக்கு: ‘மருந்து ஊறுநேரம் 30 நிமிடம். அதற்குமுன் தண்ணீர் இறைக்க வேண்டாம்.’

வேறு சொல் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியத்திலும் அதைப் பொருத்திக் காட்டி எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.