சாக்கடை வாராத ஊரில் சொத்து வரி எதற்கு?

தறிக்காரன்:
சொத்து வரி டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆயிரம் சதுர அடி வீடு. அரையாண்டுக்கு 1,600 கட்டிக்கொண்டிருந்தேன். 2022-ல் 50% ஏற்றி 2,400 ஆக்கினார்கள், 2024-ல் அதன் மேல் 6%. ஆக 2,544 ரூபாய். வாசலில் சாக்கடை கட்டி நிற்கிறது. முனைக் கம்பத்தில் லைட் அணைந்து நாலு மாசம். நகராட்சி பேர் வேண்டாம், சொன்னாலும் ஒண்ணும் ஆகப்போவதில்லை.

ஜிஎஸ்டி, பெட்ரோல் வரி, தொழில் வரி, வருமான வரி என்று எல்லாம் கட்டியும் பலகை போட்டுச் சாக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகிறேன். தெருவே சேர்ந்து இந்த அரையாண்டு கட்டுவதில்லை என்று உட்கார்ந்தால் என்ன? கரண்டு கட்டண ஏற்றத்தை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் குண்டடி பட்டுச் செத்த விவசாயிகள் நம்ம பக்கத்து ஆட்கள்தானே.

கணக்குப்பிள்ளை:
கோபம் நியாயமானதுங்க அண்ணா. ஆனால் நீங்கள் அடிக்கக் கிளம்பியிருப்பது தப்பான ஆளை. நீங்கள் அடுக்கிய வரிகளில் ஊர் எல்லையைத் தாண்டாமல் தங்குவது சொத்து வரியும் தொழில் வரியும்தான். தொழில் வரிக்கு அரசியல் சட்டமே வருஷத்துக்கு 2,500 ரூபாய் என்று மூக்கணாங்கயிறு போட்டுவிட்டது. மிச்சம் சொத்து வரி. அதையும் நிறுத்தினால் சாக்கடை வாருகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் ஏற்றத்துக்கு அப்புறம் லிட்டருக்கு மத்திய கலால் வரி 21.90 ஆக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கு போடுவது அடிப்படைக் கலால் 1.40 மட்டும். மீதி செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் போடும் வகையறா, அதில் பங்கு கிடையாது. மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது நிதிக்குழு; 2021–26-க்கு 15-வது நிதிக்குழு சொன்ன 41% போட்டால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு அந்தக் குழுக் கணக்குப்படி 4.079%. பெருக்கிப் பாருங்கள், 2.3 பைசா வரும். அது சென்னைக்குப் போய், உங்கள் தெருவுக்கு வந்து சேர எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டும்!

பவர்டேபிள்:
இதைத்தான் நான் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். 9-வது நிதிக்குழுக் காலத்தில் நம் பங்கு 7.9%. 15-வது குழுக் காலத்தில் 4.079. அப்போது பீகாருக்கு 10-க்கு மேல், உத்தரப்பிரதேசத்துக்குக் கிட்டத்தட்ட 18. 2024–25-ல் திருப்பூர் சுமார் 40,000 கோடிக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. அந்த ஊரில் மழை பெய்தால் பனியன் கம்பெனிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். உழைப்பது இங்கே, செலவு அங்கே. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நொய்யல்கரை:
தம்பி, 40,000 கோடியைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, நூலுக்கும் டையிங்குக்கும் கட்டினதைக்கூட ரீஃபண்ட் வாங்கிவிடுகிறோம். கொல்கத்தாவுக்குச் சரக்குப் போட்டால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி. அதில் மாநிலப் பாதி மேற்கு வங்கத்துக்கு. ஏனென்றால் இந்த வரி தைக்கிற ஊருக்கு இல்லை, உடுத்துகிற ஊருக்கு. 2017 ஜூலை 1-ல் இருந்து இதுதான் சட்டம்.

அப்படிப் பார்த்தால் உங்கள் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பீகார் பையன் இங்கே சோப்பு வாங்கினால், ரீசார்ஜ் செய்தால், அதன் மாநிலப் பாதி நமக்குத்தான் வருகிறது. அவனைப் பெற்று, அரிசி போட்டு, எட்டாவது வரை படிக்க வைத்த செலவு பீகாருடையது. அந்தப் பத்து சதவீதத்தில் ஒரு துணுக்கு உங்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

பவர்டேபிள்:
நல்லா இருக்குங்க கதை. அவன் தங்கியிருக்கிற லைன் வீட்டுக்குத் தண்ணியும் குப்பை வண்டியும் கொடுப்பது பீகாரா? ஆள் வரவர ஊர் வீங்குகிறது, பங்கு மட்டும் சுருங்குகிறது. பள்ளிக்கூடப் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சமக்ர சிக்ஷா என்று டெல்லி 60, மாநிலம் 40 போடுகிற பள்ளித் திட்டம். 2024–25-க்குச் சேரவேண்டிய 2,152 கோடியை, இன்னொரு திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி நிறுத்தி வைத்தது. நம் வரிக்கு நாமே கையேந்த வேண்டுமா?

நொய்யல்கரை:
அது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாநிலத்தைப் பால்குடி மாறாத பிள்ளை மாதிரிப் பேசாதீர்கள். அதே பெட்ரோலில் மாநில விற்பனை வரி (வாட்) 13%, அதன் மேல் லிட்டருக்கு 11.52. பங்க் விலை 101 என்று வைத்தால் சென்னைக்கும் 22 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. டெல்லியின் அந்த 21.90-க்கு இணை. திருப்பூர், நாமக்கல் மருத்துவக் கல்லூரிகளையும் சேர்த்து 2022 ஜனவரியில் திறந்த 11 கல்லூரிகளுக்குச் சுமார் 4,000 கோடி ஆனது. அதில் பாதிக்கு மேல் டெல்லிப் பணம். கொடுத்ததையும் எழுத வேண்டாமா?

ஓவர்லாக் அக்கா:
ஆம்பளைகள் கோடியிலேயே பேசுகிறீர்கள். நான் 349 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 53 ரூபாய் வரி. பாதி டெல்லி, பாதி சென்னை. போன வாரம் இங்கே ஒருத்தர் "வரி கட்டாதவர்களுக்கு எதற்கு இலவச பஸ்" என்று எழுதியிருந்தார். வருமான வரி கட்டாதவர் என்று எழுதியிருந்தால் சரி.

அந்த இலவச பஸ்ஸும் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும். நம்ம பக்கம் ரூட்டுக்கு ரூட் பிரைவேட் பஸ்தானே முன்னால் வந்து நிற்கிறது. ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்றால் அதில் ஏறி டிக்கெட் எடுக்கிறேன். அரசு பஸ் வருகிற நாளில் பதினைந்து ரூபாய் மிச்சம், சாயங்காலம் பால் பாக்கெட்டுக்கு ஆகும். டெல்லி வரியும் சென்னை வரியும் திரும்பி வருகிறதா என்று நீங்கள் பெருக்கி வகுத்துப் பார்க்கிறீர்கள். எனக்கு அந்தப் பால் பாக்கெட்தான் கணக்கு.

தறிக்காரன்:
பேச்சு எங்கேயோ போய்விட்டது, நம் சாக்கடைக்கு வருவோம். கணக்குப்பிள்ளை, சொத்து வரி ஊரிலேயே தங்குகிறது என்கிறீர்கள். தங்கி என்ன செய்கிறது? முதலில் சம்பளம், அப்புறம் பென்ஷன், தெருவிளக்குக் கரண்டு பில். அதற்கப்புறம் சுரண்டினால் சாக்கடை. நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன், நூலக வரி என்று ஒரு வரி. அது எதற்கு?

கணக்குப்பிள்ளை:
சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. 1948 சட்டத்தில் இருந்து வருகிறது. நகராட்சி வசூல் மட்டும்தான் செய்யும், பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டும். பல ஊர்களில் பாக்கி வைத்துவிடுகிறார்கள், அது தனிக் கதை.

சம்பளம் போக மிச்சமில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. அதனால்தான் மாநிலம் தன் சொந்த வரியில் 10% உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது, நிதிக்குழு மானியம் வேறு. ஆனால் அங்கேதான் ஒரு முடிச்சு. நகரங்களுக்கு அந்த மானியம் முழுசாகக் கிடைக்க, சொத்து வரி வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. 2022 ஏற்றத்தின் பின்னால் இருந்த காரணங்களில் அதுவும் ஒன்று. உங்கள் தெருவோடு நின்றால் ஒன்றும் தெரியாது. ஊரே உட்கார்ந்தால் 2,544 மட்டும் போகாது, வர வேண்டிய மானியத்துக்கும் வேட்டு.

பவர்டேபிள்:
பாருங்கள், நம் வீட்டுக்கு எவ்வளவு வரி என்று டெல்லியில் உட்கார்ந்து நிபந்தனை! ஏற்றியவர்கள் மேல் கோபப்படாமல் கட்டச் சொல்கிறீர்களே.

தோட்டத்துச்சாலை:
உங்களுக்காவது கேட்க கவுன்சிலர் இருக்கிறார். எங்கள் ஊராட்சியில் 2025 ஜனவரி 5-ஓடு தலைவர் பதவிக்காலம் முடிந்தது, அப்புறம் தனி அலுவலர்தான். வீட்டு வரி வாங்குகிறார்கள். தண்ணித் தொட்டி மோட்டார் போனால் யாரிடம் சொல்வது என்று ஆளாளுக்குக் கையைக் காட்டுகிறார்கள். எங்கள் வரி உங்கள் வரியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் சத்தம் போடவும் கூச்சமாக இருக்கிறது.

தறிக்காரன்:
சரி. நேற்றுத் தெருக்காரர்களிடம் பேசினேன். பாதிப் பேர் முன்னமே கட்டிவிட்டார்கள், மாசம் 1% அபராதம் என்ற பயம். நானும் ஆன்லைனில் கட்டிவிட்டேன், மனசில்லாமல். எங்கள் வார்டில் மூன்று வருஷம் எவ்வளவு வசூல், சாக்கடைக்கு எவ்வளவு செலவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டிருக்கிறேன். முப்பது நாள் கெடு. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். வரி கட்டியது சரி என்று மட்டும் யாரும் என்னை ஒத்துக்கொள்ள வைக்க முடியாது.

ஓவர்லாக் அக்கா:
லைட்டுக்குப் புகார் கொடுத்தீங்களா அண்ணா? கம்ப நம்பரோடு கொடுத்தால் எங்கள் பக்கம் ரெண்டு நாளில் போட்டுவிட்டார்கள்.

தறிக்காரன்:
டார்ச் அடித்துத் தேடிப் பார்த்தேன் அம்மிணி. கம்பத்தில் நம்பரே இல்லை.