கலியாணத்துக்கு விசாரிக்க வந்தால் உண்மையைச் சொல்லுறதா, வாயைக் கட்டுறதா?

உப்புவெளிக்காரன்:
எல்லாச் சபைக்காரரிட்டயும் ஒரு கேள்வி. கலியாணப் பேச்சு நடக்குது. பெண் வீட்டார் கனடாவிலயிருந்தோ மட்டக்களப்பிலயிருந்தோ போன் எடுத்து, "உங்கட அயலுக்கை இருக்கிற இந்தப் பெடியன் எப்பிடி?" எண்டு கேக்கினம். பெடியன் குடிப்பான், அதுவும் வேலைக்குப் போகாமல் விடுற அளவுக்கு. திருகோணமலையில எங்கட ஆக்கள் சொல்லுற பதில் நாலே நாலுதான். "தங்கமான பெடியன்." "எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை." "அவையளிட்டயே கேளுங்கோ." நாலாவது, போனில ஒண்டும் சொல்லாமல் பிறகு பேர் போடாமல் பெட்டிசம் அனுப்புறது.

எபேசியர் 4:15ஐ வைச்சு அன்போட சத்தியம் எண்டு பிரசங்கம் கேக்காத ஆள் இஞ்ச இல்லை. பத்து வசனம் தள்ளி 4:25 "பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்" எண்டு கட்டளையாவே சொல்லுது. என்ர நிலைப்பாடு: கேட்டால் சொல்ல வேணும். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம்" எண்ட கதையோட ஆரும் வர வேண்டாம்.

பாலையூற்றான்:
அண்ணா, கேட்டவருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை ஏற்க முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2477ஆம் எண்ணில் மூன்று குற்றங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. போதிய ஆதாரமில்லாமல் ஒருவரிடம் ஒழுக்கக் குறை இருப்பதாக மனதுக்குள்ளேயே முடிவு கட்டுவது ஒன்று. தக்க காரணமின்றி ஒருவருடைய குறையை அதை அறியாதவர்களிடம் சொல்வது இன்னொன்று. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மற்றது. இரண்டாவதில் சொல்லப்படுவது முழு உண்மை, ஆனாலும் குற்றம். அதே பகுதியில் 2489: அறியும் உரிமை இல்லாதவருக்கு உண்மையை வெளிப்படுத்த ஒருவரும் கடமைப்பட்டவர் அல்லர்.

ஆகவே முதல் வேலை, போன் எடுத்தவர் யார் என்று கேட்பது. பெண்ணின் தகப்பனா, புரோக்கரா, பெரியம்மாவின் சிநேகிதியா? புரோக்கரிடம் சொன்னால், அந்தப் பெடியனுக்கு இனி வரப்போகும் பேச்சுகளுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

மட்டிக்களி_அக்கா:
பெரியம்மாவின்ர சிநேகிதியை விடுங்கோ தம்பி. அந்தப் பிள்ளையே எடுத்தால்? அவளுக்கு உரிமை இல்லையெண்டால் வேற ஆருக்கு? "தக்க காரணமின்றி" எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். வாழ்நாள் முழுக்க அவனோட ஒரே வீட்டில இருக்கப் போறது தக்க காரணம் இல்லையோ?

லேவியராகமம் 19:16ஐ முழுசா வாசியுங்கோ. முதல் பாதி, கோள் சொல்லித் திரியாதே. மற்றப் பாதி, பிறனுடைய இரத்தப்பழிக்கு உட்படாதே. எங்கட சபையளில கனபேர் முதல் பாதியை மட்டும் மனப்பாடமாக்கி வைச்சிருக்கினம். மற்றப் பாதிக்கு வரேக்க "எங்களுக்கேன் ஊர் வில்லங்கம்" எண்டிடுவினம்.

இன்னொண்டு. மதில் ஒண்டாயிருக்கிற வீட்டுக்காரர் "பழக்கமில்லை" எண்டால் கேக்கிறவைக்கு விளங்கும், ஆனா பிழையா விளங்கும். குடிக்கிற பெடியனைக் களவெடுக்கிறான் எண்டு நினைப்பினம், இல்லாட்டி இன்னொரு குடும்பம் இருக்கெண்டு நினைப்பினம். சொல்லாமல் விட்டு அவன்ர பேரைக் காப்பாத்தினதா நீங்கள் நினைக்கிறீங்கள். அங்கால அது உள்ளதை விடப் பெரிசாப் போய்ச் சேருது.

டொக்யார்ட்_வீதி:
ரெண்டு பக்கமும் ஒரு படியைத் தாண்டிப் போயிட்டுது. மத்தேயு 18:15: முதலில் நீயும் அவனும் தனிச்சிருக்கேக்க அவனிட்டச் சொல்லு. இதை வெறும் அறிவுரையா விடாமல் ஒப்பந்தமா எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆக்கள் இருக்கினம். 1752 ஜனவரி 29ஆம் திகதி, மெதடிஸ்ட் சபையைத் தொடக்கின ஜோன் வெஸ்லி, அவர்ர தம்பி சார்ள்ஸ் வெஸ்லி, அவையளோட நிண்ட சில பிரசங்கிமார். ஒருவரைப் பற்றி மற்றவர் தீமையாக் கேக்கவும் மாட்டம், தேடி விசாரிக்கவும் மாட்டம். காதில விழுந்தால் சட்டெண்டு நம்ப மாட்டம். கெதியா அந்த ஆளிட்டயே நேரில அல்லது கடிதத்தில சொல்லுவம். அதுவரைக்கும் வேற ஒருத்தரிட்டயும் ஒரு எழுத்தும் பேச மாட்டம். சொன்ன பிறகும் பேச மாட்டம். வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தது 1814இல. அதுக்கு அறுபது வருசத்துக்கு மேல முந்தின ஒப்பந்தம் இது.

இதை விசாரிப்புக்குப் பொருத்தினால் இப்பிடித்தான் வரும். போன் வந்தால், "மூண்டு நாள் கழிச்சு எடுங்கோ, சொல்லுறன்" எண்டு வையுங்கோ. அதுக்குள்ள பெடியனைத் தனியக் காணுங்கோ. தாய் தகப்பனுக்கு முன்னால வேண்டாம், அவன்ர கூட்டாளிமாருக்கு முன்னால வேண்டவே வேண்டாம். வெறி இருக்கிற நேரம் போகாதையுங்கோ. கடலுக்குப் போறவன் எண்டால் கரைக்கு வந்து நித்திரை கொண்டு எழும்பின பிறகு. சொல்ல வேண்டியது ரெண்டு வசனம்: "உன்னைப் பற்றி விசாரிச்சவை, நான் பொய் சொல்ல மாட்டன். குடியைப் பற்றி நீயே அவையளுக்குச் சொல்லிப் போட்டாய் எண்டால் நான் சொல்லத் தேவையில்லை." மூண்டு நாள் குடுங்கோ. அவன் சொல்லாட்டி நீங்கள் சொல்லலாம்.

உப்புவெளிக்காரன்:
அண்ணை, அது ஊழியக்காரர் தங்களுக்குள்ள செய்த ஒப்பந்தம். ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுத் தின்னாமல் இருக்கப் போட்ட வேலி. பெண் குடுக்கிற தகப்பன் அதில கையெழுத்துப் போடேல்லை. அதின்ர கடைசி விதியிலயே கட்டாயம் வந்தால் விலக்கு எண்டு ஒரு வாசல் விட்டிருக்கு.

நடைமுறைச் சிக்கலும் இருக்கு. "மூண்டு நாள் கழிச்சு எடுங்கோ" எண்டாலே விசாரிக்கிறவைக்குப் பாதி பதில் போயிட்டுது. நல்ல பெடியனைப் பற்றிக் கேட்டால் ஆராவது மூண்டு நாள் தவணை சொல்லுவினமோ?

டொக்யார்ட்_வீதி:
ஆரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே தவணை சொல்லிப் பழகுங்கோ. தங்கமான பெடியனுக்கும் "மூண்டு நாள் கழிச்சு"தான். ஆளைப் பாத்து மாத்தினால்தான் பிடிபடும். "கட்டாயம் வந்தால்" எண்டதையும் அரைகுறையா எடுக்காதையுங்கோ, தங்கட கூட்டத்தில கதைக்கக் கட்டாயம் வந்தால் எண்டுதான் இருக்கு. போன் வந்தது கூட்டம் இல்லை.

பாலையூற்றான்:
ஒரே பதில் என்பது பாதர்மாருக்கு இன்னும் முக்கியம். சிலரை வாயாரப் புகழ்ந்து, சிலருக்கு மட்டும் "நான் ஒன்றும் சொல்லேலாது" என்றால், அந்த மௌனம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விட்டதுபோல் ஆகிவிடும். திருச்சபைச் சட்டம் 983 அந்த இரகசியத்தை உடைக்கவே கூடாது என்கிறது. விசாரிக்கப் போகிறவர்களும் பாதரை இக்கட்டில் மாட்டக் கூடாது.

அயலவரை விசாரிப்பதில் பாதி, காகிதத்தில் பார்க்க வேண்டிய விசயம். கோயிலில் கலியாணம் செய்தால் அது ஞானஸ்நானப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் (சட்டம் 1122). அதனால்தான் அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கிறார்கள், வழக்கமாக ஆறு மாதத்துக்கு உட்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் பழைய பிரதியில் அந்தக் குறிப்பு இராது. பதிவுத் திருமணம் மட்டும் நடந்திருந்தால் அது அந்த ஏட்டுக்கு வராது; எழுத்து, அதாவது பதிவு, முடிந்து கோயில் கலியாணத்துக்கு முதலே பிரிந்தவர்களின் விசயம் இங்கேதான் தப்பிப் போகிறது. "எழுத்துத்தானே" என்பார்கள். எழுத்தும் சட்டப்படி திருமணம்தான், நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகவேண்டும். இதை ஒளிப்பதற்கு என்னிடமும் இடமில்லை. திருமணத்துக்குத் தடை தெரிந்தால் பங்குத்தந்தையிடம் அல்லது ஆயரிடம் தெரிவிப்பது விசுவாசிகள் எல்லோருக்கும் கடமை என்று சட்டம் 1069 சொல்கிறது. ஆனால் குடி அந்த வகைத் தடை அல்ல. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

கன்னியா_வெந்நீர்:
குடி எண்டு எதைச் சொல்லுறீங்கள் எண்டு ஆரும் எழுதேல்லையே. போயாவுக்கு முதல் நாள் ரெண்டு போத்தல் வாங்கி வைக்கிறவன் எல்லாம் குடிகாரன் எண்டால் இந்த டவுனில கலியாணமே நடக்காது.

நான் உப்புவெளிக்காரன்ர பக்கம்தான், ஆனா சொல்லுற விதத்திலதான் எல்லாம் பிழைக்குது. "குடிகாரன்" எண்டது தீர்ப்பு. "வேலை நாளில, காலமை, வெறியோட கண்டிருக்கிறன், மாசத்தில ரெண்டு மூண்டு தரம், கடைசியாக் கண்டது ஆடி மாசம்" எண்டது சாட்சி. சாட்சி மட்டும் சொல்லுங்கோ, தீர்ப்பைப் பெண் வீட்டார் எழுதட்டும். நிப்பாட்டியிருந்தால் எப்பயிலயிருந்து எண்டதும் சேர வேணும். அதை விட்டுட்டுப் பழசை மட்டும் சொன்னால் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, சேர்த்துப் பாத்தால் பொய்.

கேள்விப்பட்டதைச் சொல்லாதையுங்கோ. "அது எனக்கு நேரடியாத் தெரியாது" எண்டு நிப்பாட்டுங்கோ. மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டுக்கே ரெண்டு மூண்டு சாட்சி வேணும் எண்டு 1 தீமோத்தேயு 5:19இல இருக்கு. சந்திக் கடையில கேட்டதுக்கு எத்தினை பேரைக் கூட்டி வருவீங்கள்?

"ஆனா" போட்டுக் கதைக்காதையுங்கோ. "நல்ல பெடியன், ஆனா குடிப்பான்" எண்டால் கேக்கிறவருக்குக் குடி மட்டும்தான் காதில நிக்கும். "குடிப்பான், ஆனா நல்ல பெடியன்" எண்டால் குடியைச் சின்ன விசயமாக்கிப் போட்டீங்கள். ரெண்டையும் தனித்தனி வசனமா, இடையில மூச்சு விட்டுச் சொல்லுங்கோ: "தாயை நல்லாப் பாக்கிறான். வேலை நாளிலயும் குடிக்கிறதைக் கண்டிருக்கிறன்." அதோட "ஒரு மாதிரி" எண்ட சொல்லை வாயிலயே எடுக்காதையுங்கோ. எங்கட ஊரில "ஒரு மாதிரி" எண்டால் களவு, வருத்தம், கள்ளத் தொடர்பு, பைத்தியம் எல்லாம் அதுக்குள்ள அடங்கும்.

வாட்ஸ்அப்பில எழுதவும் வேண்டாம், வொய்ஸ் போடவும் வேண்டாம். அண்டைக்கே பெடியன் வீட்டுக்கு வந்து சேரும், அதுவும் முன்னும் பின்னும் வெட்டி. போனில கதைக்கேக்கயும் "ஸ்பீக்கரில போட்டிருக்கிறீங்களோ?" எண்டு முதல்ல கேளுங்கோ.

மட்டிக்களி_அக்கா:
கன்னியாத் தம்பி சொன்னது எல்லாம் சரி. டொக்யார்ட் அண்ணை சொன்ன "முதலில அவனிட்ட"தான் எனக்கு இடிக்குது. குடிக்கு ஓம். கை நீட்டுற ஆளுக்கு அது கூடவே கூடாது. முந்தி ஒரு பொம்பிளைக்கு அடிச்சவன் எண்டு கண்ணால கண்டிருந்தால், அவனிட்டத் தவணை சொல்லப் போறது ஆர் சொன்னது எண்டு அவனுக்குக் காட்டிக் குடுக்கிற வேலை. அந்த அடி முந்தின பொம்பிளைக்கும் விழும். நேரா விசாரிக்கிற பிள்ளையிட்டச் சொல்லுங்கோ.

கலியாணம் முடிஞ்ச வீட்டுக்கும் இதுதான். அடி வாங்கிற மனுசியிட்டப் போய் "மத்தேயு 18இன்படி முதலில தனிய அவரோட கதையுங்கோ" எண்டு புத்தி சொல்லுற ஆக்கள் சபையில இருக்கினம். தனிய இருக்கேக்கதானே அவர் அடிக்கிறார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், 12 மாதம் வரைக்கும் குடுப்பினம். அவவுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். உதவிக்கு எடுக்கிற போன் இலக்கம் பெண்களுக்கு 1938, பிள்ளையள் எண்டால் 1929. அந்த இலக்கத்தைக் குடுக்கிறதும் மெய்யைப் பேசுறதுதான்.

டொக்யார்ட்_வீதி:
அடி விசயத்தில ஏற்றுக்கொள்ளுறன், அங்க தவணை இல்லை. குடி, கடன், சூதுக்கு என்ர படி அப்பிடியே நிக்குது.

உப்புவெளிக்காரன்:
பெண்ணைப் பற்றி விசாரிச்சால்? எல்லாரும் பெடியனைப் பற்றியே எழுதுறம். "முந்தி ஒருத்தனோட கதைச்சவள்" எண்டது மெய்யாயிருந்தால் சொல்லுறதோ?

பாலையூற்றான்:
சொல்லக் கூடாது. முடிந்துபோன சிநேகம் யாருக்கும் ஆபத்து இல்லை. அதைச் சொல்வது 2477 கண்டிக்கிற இரண்டாவது குற்றமேதான்.

கன்னியா_வெந்நீர்:
பெடியன் முந்தி ஆரோட கதைச்சவன் எண்டு ஆரும் விசாரிக்கிறேல்லை, கவனிச்சீங்களோ? கேட்டால் "ஆம்பிளைப் பிள்ளைதானே" எண்டு போயிடுவினம். பெடியனுக்குச் சொல்லத் தேவையில்லாததை பெண்ணுக்கும் சொல்லாதையுங்கோ. பெண்ணுக்கு எழுத்து முடிஞ்சு பிரிஞ்சிருந்தால் அது வேற. அதையும் நீங்கள் போனில சொல்லாமல், "பதிவுக் காகிதங்களை அவையளிட்டக் கேட்டு வாங்குங்கோ" எண்டு விட்டால் காணும்.

உப்புவெளிக்காரன்:
அந்தப் பதிலை எல்லாருக்கும் சொன்னால்தான் சரி, இல்லாட்டி அதுவும் சாடைதான். வருத்தத்தைப் பற்றி ஆரும் எழுதேல்லை. வலிப்பு, மனநோய்க்கு மருந்து எடுக்கிறது இதெல்லாம்?

மட்டிக்களி_அக்கா:
அது அவையள் தங்கட வாயால சொல்ல வேண்டிய விசயம். அயலவருக்கு வருத்தத்தின்ர பேரே சரியாத் தெரியாது. வீட்டாரிட்டப் போய், கலியாணத்துக்கு முதல் மற்றப் பக்கத்துக்குச் சொல்லுங்கோ எண்டு நெருக்குங்கோ. இஞ்ச டொக்யார்ட் அண்ணையின்ர "முதலில அவையளிட்ட" சரியாப் பொருந்துது, பாருங்கோ நானும் ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா குடிக்கு அவர் குடுக்கிற மூண்டு நாள் கூட. ஒரு நாள் போதும். வெளிநாட்டு மாப்பிள்ளை வீடு எண்டால் மூண்டு நாளுக்குள்ள ஹோல் புக் பண்ணித் தாலிக்கும் ஓடர் குடுத்திடுவினம். அதுக்குப் பிறகு நீங்கள் சொன்னால், கலியாணத்தைக் குழப்பினவன் எண்டு உங்களைத்தான் சொல்லுவினம்.

டொக்யார்ட்_வீதி:
ஒரு நாளில, குடிக்கிற பெடியனை வெறியில்லாத நேரம் பிடிக்கிறதே கஷ்டம் அக்கா. ரெண்டு நாள். அதுக்குக் கீழ வர மாட்டன்.