‘கான்ஃபிளிக்ட் ஆஃப் லாஸ்’: தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

உரிமையியல் நடைமுறைச் சட்டம் (1908) பற்றிய மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 13ஆம் பிரிவில் சிக்கி நிற்கிறேன். வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது இங்கே கட்டுப்படுத்தாது என்பதைச் சொல்லும் பிரிவு. (அ) கூறு, தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு ஜூரிஸ்டிக்‌ஷன் இருந்ததா என்று பார்க்கிறது. (இ) கூறு, இந்தியச் சட்டம் பொருந்தும் வழக்கில் அதை ஏற்க மறுத்தார்களா என்றும் பார்க்கிறது. யார் விசாரிப்பது என்பது ஒன்று. எந்த நாட்டுச் சட்டப்படி விசாரிப்பது என்பது வேறு. முதலாவதற்கு ‘அதிகார வரம்பு’ போட்டுவிட்டேன். தலைப்பில் உள்ளது, பல நாடுகள் தொடர்புள்ள வழக்குகளில் இத்தகைய கேள்விகளைத் தீர்க்கும் துறை. அதற்குச் ‘சட்ட முரண்பாடு’ என்றால், அரசமைப்புக்கு முரணான சட்டம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

> முதலாவதற்கு ‘அதிகார வரம்பு’

அம்மா, ‘அதிகாரம்’ வடசொல். ‘ஆள்வரை’ இருக்கும்போது அது எதற்கு? ஆளும் எல்லை, அவ்வளவுதான்.

> ‘ஆள்வரை’

ஐயா, ‘வரை’ மலையும்தான். வரைதல் என்றால் அகத்துறையில் மணத்தல். தலைவியை மணந்துகொள்ளத் தலைவனைத் தூண்டும் ‘வரைவு கடாதல்’ நினைவிருக்கும். இன்றைக்கு வரைவு என்றால் சட்ட முன்வடிவு. தொல்காப்பியத்தையே எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாகத்தானே படிக்கிறோம்! அதிகாரத்தை விலக்க வேண்டாம்.

இலங்கையில் நாங்கள் ‘நியாயாதிக்கம்’ என்போம். அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

அங்கே சரி. இங்கே ஆதிக்கம் என்றால் அடக்கியாள்வது என்றல்லவா படும்? மனுக்களில் ‘அதிகார வரம்பு இல்லை’ என்றே எழுதுகிறோம். இடம், வழக்கு மதிப்பு, வழக்குப்பொருள் மூன்றுக்கும் அது நிற்கிறது. இடம் பற்றிய ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுப்பாவிட்டால், பிறகு மேல்முறையீட்டில் எழுப்ப 21ஆம் பிரிவு குறுக்கே வரும். வழக்குப்பொருள் மீது அதிகாரமே இல்லை என்றால் இரு தரப்பும் சம்மதித்தாலும் தீர்ப்பாணை செல்லாது. சொல்லை மாற்றி இந்த வேறுபாட்டைக் குழப்ப வேண்டாம்.

அப்புறம் துறைப்பெயர். ஒப்பந்தம் சிங்கப்பூரில் கையெழுத்தானது, சரக்கு கொழும்பில் இறங்கியது, வழக்கு சென்னையில். இங்கே சட்டங்கள் மோதவில்லை, ஒன்றைத் தெரிந்தெடுக்கிறோம். ‘சட்டத் தேர்வு’ என்றால் பரீட்சை ஆகிவிடும். ‘பொருந்துசட்டவியல்’ எப்படி? பொருந்துசட்டம் வினைத்தொகை.

வினைத்தொகை அழகாக இருக்கிறது, ஆனால் குறுகியது. அந்தத் துறை மூன்று கேள்விகளைக் கேட்கிறது: எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம், வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்பதா. நீங்கள் சொல்வது நடுக்கேள்விக்கு மட்டும்தான். ‘தனியார் பன்னாட்டுச் சட்டம்’ என்றே வைக்கலாம்.

அது பன்னாட்டுச் சட்டமே அல்லவே! ஒவ்வொரு நாடும் தனக்கென வைத்துள்ள உள்நாட்டு விதிகள். பெயரே தப்பாகச் சொல்லிக்கொடுக்கும்.

அனைவருக்கும் நன்றி. ‘அதிகார வரம்பு’ அப்படியே இருக்கட்டும். அப்ளிகபிள் லாவுக்குப் ‘பொருந்துசட்டம்’ எடுத்துக்கொள்கிறேன். துறைப்பெயராகப் ‘பொருந்துசட்டவியல்’ என்பதற்கே ஆதரவு கூடுதல். அச்சுக்கு அதையே கொடுக்கிறேன்.

என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் ‘மூன்று கேள்வி’ வாதத்துக்கு யாராவது பதில் எழுதுங்கள்.