கிளாஸ்-டி ஆம்ப் அவுட்புட் ஃபில்டர்: போர்டில் பார்த்த கோளாறுகள்

உறுப்பினர் 1:
பிரிட்ஜ் இணைப்பில் (ஸ்பீக்கரின் இரு முனையையும் ஆம்பே ஓட்டும்) ஓடும் கிளாஸ்-டி (அவுட்புட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் ஆம்ப்) போர்டுகளில், அந்த ஸ்விட்சிங்கை வடிகட்டும் காயில்-கெபாசிட்டர் ஃபில்டரால் வந்த கோளாறுகளை இங்கே போடுங்கள். மதிப்பு, அறிகுறி, காரணம் மூன்றும் வேண்டும்.

உறுப்பினர் 2:
அடிக்கடி வருவது ஸ்பீக்கர் மாறிய போர்டு. பிரிட்ஜில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்பீக்கரின் பாதி ஓம்தான் தெரியும். 8 ஓமுக்குப் பக்கத்துக்கு ஒரு 22 மைக்ரோஹென்றி காயில், கிரவுண்டுக்கு 0.68 மைக்ரோஃபாரட். 4 ஓமுக்கு 10, 1.5. இரண்டு ஜோடிக்கும் ஒத்ததிர்வு 41 கிலோஹெர்ட்ஸ்தான், எது இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். 4 ஓம் ஃபில்டரில் 8 ஓமை மாட்டினால் கியூ (ஒத்ததிர்வின் கூர்மை) 0.77 இலிருந்து 1.55க்கு ஏறும். 20 கிலோஹெர்ட்ஸிலேயே 1.7 டெசிபல் தூக்கல், 36 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபலுக்கு மேல். மாற்றி மாட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் சரிவு. கணக்கு ரெசிஸ்டர் லோடுக்கு. ஸ்பீக்கரின் ஓம் மேலே போகப்போக ஏறும் என்பதால் சோபல் (ஸ்பீக்கருக்குக் குறுக்கே போடும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி) இல்லாத போர்டில் தூக்கல் இன்னும் கூடும்.

உறுப்பினர் 3:
பாட்டே ஓடாமல் காயில் சுடுகிறதா? கோரின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள்-வெள்ளை இரும்புத்தூள் வளையம் என்றால் காரணம் அதுதான். 24 வோல்ட் சப்ளை, 400 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங், 10 மைக்ரோஹென்றி: சிக்னல் இல்லாதபோதும் உச்சத்துக்கு உச்சம் 1.5 ஆம்பியர் ரிப்பிள் (ஸ்விட்சிங்கால் ஏறி இறங்கும் கரண்ட்) ஓடும். அந்த அதிர்வெண்ணுக்கு அந்தக் கலவை ஆகாது. சிவப்பு டி106-2 வளையம் குளிர்ச்சியாக நிற்கும்; 10 மைக்ரோஹென்றிக்கு 27 சுற்று, 22க்கு 40 சுற்று. இடம்தான் நிறைய அடைக்கும்.

உறுப்பினர் 4:
ஃபெரைட் காயில் போதாதா?

உறுப்பினர் 3:
இடைவெளி விட்ட ஃபெரைட் நல்லதுதான், ஆனால் கரண்ட் கூடி கோர் காந்தத்தில் நிறைவுற்றால் இண்டக்டன்ஸ் சட்டென்று விழும். 24 வோல்ட்டில் 4 ஓமுக்கு உச்சம் 6 ஆம்பியர், ரிப்பிளில் பாதி சேர்த்து 6.75. 7 ஆம்பியர் காயில் வாங்கிவிடாதீர்கள். ஐசியின் ஓவர்கரண்ட் எல்லையிலும் காயில் நிறைவுறாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷார்ட் ஆகும்போது பாதுகாப்பு வேலை செய்வதற்குள் கரண்ட் பாய்ந்துவிடும். அறிகுறி: பேஸ் அடிக்கும்போது மட்டும் ஆம்ப் அணைந்து எழும். பெரும்பாலும் பழி பவர் சப்ளை மேல்தான் விழுகிறது.

உறுப்பினர் 5:
கெபாசிட்டரை மறக்கவேண்டாம். கிரவுண்டுக்குப் போகும் கெபாசிட்டரில் சப்ளையின் பாதி, 12 வோல்ட், எப்போதும் நிற்கும். அதன்மேல் சிக்னலும் ஆடும். சின்ன எக்ஸ்7ஆர் செராமிக் போட்டால் வோல்ட்டேஜுக்கேற்ப அதன் மதிப்பு ஆடும், மேல்ஸ்தாயியில் டிஸ்டார்ஷன் ஏறும். 100 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போடுங்கள். இடமில்லையென்றால் பாலியெஸ்டர், 20 கிலோஹெர்ட்ஸில் முழு பவரைத் தொடர்ந்து ஓட்டிச் சோதித்தால் மட்டும் அது சூடாகும்.

உறுப்பினர் 2:
இரண்டு அவுட்புட்டுக்கும் நடுவே ஒரே கெபாசிட்டரை வைத்து மிச்சம் பிடித்த போர்டும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே கட்டத்தில் ஸ்விட்ச் ஆகும் பிடி மாடுலேஷனில் அது பயனில்லை: இரு முனையும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனா ஆகிவிடும். பக்கத்துக்கு ஒன்று கிரவுண்டுக்கு இருந்தே ஆக வேண்டும்.

உறுப்பினர் 5:
அளக்கும்போது ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை ஸ்பீக்கர் முனையில் மாட்டினால் பாதி பிரிட்ஜ் ஷார்ட் ஆகும். இரண்டு புரோபை வைத்துக் கழித்துப் பாருங்கள். மேலே சொன்ன மதிப்புகளுக்கு ஒவ்வொரு முனையிலும் 0.3 வோல்ட் அளவு 400 கிலோஹெர்ட்ஸ் மிச்சம் சகஜம். அதன்மேல் கூர்முனைகள் தெரிந்தால் காயிலை மாற்றிப் பயனில்லை. கெபாசிட்டரின் கிரவுண்ட் தடம் நீளமாக இருக்கும், அதை ஐசியின் பவர் கிரவுண்டுக்குக் குட்டையாக இழுங்கள்.