பாட்டி வீடு, ஜெலுத்தோங் (குடும்பக் குழு)

துர்கா: எல்லாருக்கும் வணக்கம். கடைசி ஆண்டு வடிவமைப்புத் திட்டத்துக்கு எனக்கு வந்த தலைப்பு, பினாங்கில் ஒரு புதிய மயானம். மின்சுடலை, இடுகாடு இரண்டும் ஒரே இடத்தில் வர வேண்டும். நீங்கள் போய்வந்த இடங்களில் என்ன குறை இருந்தது, என்ன இருந்தால் நல்லது என்று சொல்லுங்கள்.

சின்னம்மா: வெள்ளிக்கிழமை காலையில் சுடுகாட்டுப் பேச்சா!

மாமா: ஓட்டல், மால் எதுவும் கிடைக்கவில்லையா பாப்பா?

துர்கா: அதையெல்லாம் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள் மாமா 😅

மாமா: சரி. நிலம் எப்படி?

துர்கா: மலையடிவாரம். மேல்பக்கம் சரிவு, கீழ்ப்பக்கம் பள்ளம்.

மாமா: பள்ளத்தில் ஒரு குழிகூட வைக்காதே. முப்பது வருஷம் கால்வாய் வேலை பார்த்தவன் சொல்கிறேன். தாழ்ந்த நிலத்தில் நாலடி தோண்டுவதற்குள் ஊற்று வந்துவிடும். பெட்டியை இறக்கும்போது கீழே தண்ணீர் நின்றால் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் மறக்காது. 2017 நவம்பர் வெள்ளத்தை நாம் எல்லாரும் பார்த்தோம் இல்லையா? பள்ளத்தில் ஒரு குளம் வெட்டு. மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீரைக் கல்லறைகளுக்கு மேலேயே குறுக்குக் கால்வாய் போட்டுத் திருப்பி, அந்தக் குளத்தில் கொண்டுபோய் விடு.

துர்கா: குளத்தை ஒட்டிக் கார் நிறுத்தலாமா மாமா?

கண்ணன்: மழை வந்தால் கார் தானாகவே வீட்டுக்கு வந்துவிடும் 😂

மாமா: நீ சிங்கப்பூரில் பஸ்ஸில் போகிறவன், பேசாமல் இரு.

ஜோசப் சித்தப்பா: கார் விஷயத்தில் கவனம் துர்கா. சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் செங் பெங் சமயத்தில் அவர்கள் மயானம் பக்கம் போயிருக்கிறாயா? நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எங்களுக்கும் அதே கதைதான். வருஷம் முழுக்க ஈ காக்கை இருக்காது, ஒரே நாளில் ஊரே வந்து நிற்கும். அந்த ஒரு நாளுக்காக எல்லா இடத்தையும் தார் போட்டு மூடிவிடாதே. புல்தரையாக விட்டு, அன்றைக்கு மட்டும் திறந்துவிடலாம்.

மாமா: மச்சான் சொல்வது சரி. தார் போட்டால் தண்ணீரும் இறங்காது.

சின்னம்மா: நான் ஒன்று சொல்கிறேன், ஆண்கள் சிரிக்கக் கூடாது. பெண்களுக்குக் கழிவறை. அந்தக் காலத்தில் நாங்கள் வாசலோடு நின்றுவிடுவோம், அதனால் யாரும் யோசிக்கவில்லை. இப்போது நாங்களும்தானே கூட வருகிறோம்? போன தடவை காலையிலிருந்து மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துர்கா: இதை என் வகுப்பில் ஒருவர்கூடச் சொல்லவில்லை சின்னம்மா. குறித்துக்கொண்டேன்.

சின்னம்மா: அப்புறம் படி. என் முட்டிக்குப் படியே ஆகாது.

துர்கா: ஸ்டாக்ஹோமில் ஒரு காட்டு மயானம் இருக்கிறது. 1915-இல் போட்டி வைத்து, அஸ்ப்லுண்ட், லெவரென்ட்ஸ் என்று இரண்டு கட்டடக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். 1994-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஒரு குன்றுக்குப் படி ஏறிப் போக வேண்டும். மேலே போகப் போக ஒவ்வொரு படியும் முந்தியதைவிடத் தாழ்வாக இருக்கும். துக்கத்தோடு ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காக.

சின்னம்மா: அதை வரைந்தவர் வீட்டிலும் முட்டிவலிக்காரர் இருந்திருப்பார். எனக்குச் சாய்தளமே போதும்மா, பக்கத்தில் ஒரு கைப்பிடியோடு.

கண்ணன்: சிங்கப்பூரில் இடமே பெரிய பிரச்சினை. 1998-இலிருந்து ஒரு கல்லறைக்கு 15 வருஷம்தான். அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். எரிக்கலாம் என்கிற மதமாக இருந்தால் எரிப்பார்கள், இல்லையென்றால் வேறு சின்னக் குழியில் மறுபடி புதைப்பார்கள். சுவா சூ காங்கில் 2021-இல் சாம்பல் தூவ ஒரு தோட்டமும் திறந்தார்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது.

சின்னம்மா: பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "செத்த பிறகும் வாடகை வீடா?" என்று கேட்கிறார்.

துர்கா: 😂 மரம் என்ன வைக்கலாம்? நிழலுக்குத் தூங்குமூஞ்சி மரம் வரைந்திருக்கிறேன்.

மாமா: ஓரத்தில் வை. உள்ளே வைத்தால் வேர் கல்லறையைத் தூக்கிவிடும். நார்தம் ரோட்டுப் பழைய கிறிஸ்துவ மயானத்தில் கெம்போஜாதானே நிற்கிறது, பார்த்ததில்லையா?

சின்னம்மா: அதன் பெயர் ஈழத்தலரியாம், பாட்டி திருத்துகிறார்.

துர்கா: அங்கே போன வாரம்தான் போனேன். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794-இல் இறந்தவர், அவர் கல்லறையை இன்றைக்கும் யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க முடிகிறது. நம் தாத்தா கல்லறை எங்கே மாமா? நான் பார்த்ததே இல்லை.

(இருபது நிமிஷம் யாரும் எழுதவில்லை.)

மாமா: ரப்பர் தோட்டத்துச் சுடுகாட்டில். ஒற்றையடிப் பாதையிலிருந்து மூன்றாவது பால்மரம் (ரப்பர் மரம்), அதன் பக்கத்தில் நாங்கள் விளக்கு வைக்கிற மைலோ டின். அதுதான் அடையாளம். மரச்சிலுவை மாதிரி ஒரு பலகை நட்டுப் பெயர் எழுதியிருந்தோம், இரண்டு மழைக்கு மேல் தாங்கவில்லை. ஒரு வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு புல் வெட்டப் போனால், பால்மரம் எல்லாவற்றையும் வெட்டிச் செம்பனை நட்டிருந்தார்கள். மூன்றாவது மரத்தை எங்கே தேடுவது?

ஜோசப் சித்தப்பா: அப்புறம்தான் அந்த இன்னொரு குடும்பம்.

மாமா: ஆமாம். ஒரு மேட்டைப் பார்த்து இதுதான் என்று மாலை போட்டோம். அடுத்த வருஷம் போனால் வேறு ஒரு குடும்பம் அதே மேட்டுக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் அது அவர்களுடைய அப்பா. இரண்டு பக்கமும் சங்கடப்பட்டு நின்றோம்.

சின்னம்மா: பாட்டி அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா துர்கா? "யாராக இருந்தால் என்ன, பசியோடு இருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன சோற்றை அவர்கள் இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

துர்கா: மாமா, என் வரைபடத்தில் ஒவ்வொரு கல்லறைக்கும் கியூஆர் கோடு போட்டிருந்தேன். எடுத்துவிடட்டுமா?

மாமா: இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதே. இந்த வெயிலில் ஸ்டிக்கர் வெளுத்துப்போகும். கருங்கல்லில் எண்ணை ஆழமாகக் கொத்து. பாதை ஓரக் கல்லில் வரிசை எண், கல்லறையில் தனி எண், வாசலில் ஒரு பெரிய பலகை. மரத்தை எண்ணித் தேடும்படி வைக்காதே.

துர்கா: சரி மாமா.

மாமா: (படம்) நினைவில் இருந்தவரை தாத்தா இருக்கும் இடத்தை வரைந்திருக்கிறேன்.

கண்ணன்: ரொட்டிக் கடை பில்லின் பின்பக்கமா மாமா?

மாமா: வேறு காகிதம் இல்லை.

சின்னம்மா: பாட்டி கடைசியாக ஒன்று சொல்லச் சொன்னார். வாசலில் கால் கழுவக் குழாய் வேண்டுமாம். பக்கத்தில் ஒரு வாளியும்.

மாமா: வாளிக்குச் சங்கிலி போடச் சொல்.