சட்டப் பட்டம் இல்லாமல் அரசியலமைப்பு ஆய்வு செய்யலாமா?

கேள்வி:
அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். தீர்ப்புகள் வழியே வளர்ந்த ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தையும் அமெரிக்க அரசியலமைப்பையும் சேர்த்து ஆராய ஆசை. சட்டம் படிக்காதவருக்கு இது சரிப்படுமா?

பதில் 1:
தாராளமாக. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1946 வரை கற்பித்த அரசியலமைப்பு அறிஞர் எட்வர்ட் கார்வின் முனைவர் பட்டம் வாங்கியது வரலாற்றில்தான். 1928-29இல் ஹார்வர்ட் சட்ட இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை, அமெரிக்க அரசியலமைப்பின் வேர்களைத் தேடி இங்கிலாந்தின் 1610 போன்ஹாம் வழக்குக்கும் போகிறது. நாடாளுமன்றச் சட்டம் பொது நியாயத்துக்கு முரணானால் பொதுச்சட்டம் அதைச் செல்லாததாக்கும் என்று நீதிபதி எட்வர்ட் கோக் எழுதிய வழக்கு. மன்னராட்சிக் காலத்தில் எவ்வளவு துணிச்சல்! எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே அந்த வரியால்தான்.

பதில் 2:
கோக் சட்டத்தை ரத்து செய்தாரா, பொருள் மட்டும் விளக்கினாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கார்வினோடு நிற்காமல் தீர்ப்பையே படியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. போன்ஹாமிலிருந்தே தொடங்குகிறேன்.