நறுக்கிய பழத்தைக் கப்பில் அளந்து ஏமாந்தவர்கள் இருக்கிறீர்களா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அன்னாசி ஜாமுக்குப் பழமும் சீனியும் சரிக்குச் சரி என்று அம்மா சொன்னது ஞாபகம். வீட்டில் தராசு இல்லை, 6 கப் நறுக்கிய பழத்துக்கு 6 கப் சீனி போட்டுக் காய்ச்சி மாமிக்கும் ஒரு போத்தல் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்துப் போனபோது பாணுக்குப் பூச அவர் கரண்டியை விட்டார், கிறீச் என்று சத்தம், உள்ளே சீனி கல்லாகப் பூத்துக் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் பூசிச் சாப்பிட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்புறம்தான் தெரிந்தது, நறுக்கிய அன்னாசி ஒரு கப் 165 கிராம் அளவில்தான் வரும், சீனி 200 கிராம். 210 கிராம் சீனி கூடப் போயிருக்கிறது.

சாய்ந்தமருதிலிருந்து:
எனக்கு மாம்பழத்தில். பெருநாள் புடிங்குக்கு 2 கப் துண்டு என்று இருந்தது, நான் பெரிசு பெரிசாக வெட்டி முதல் கப்பை நிரப்பிவிட்டேன். ராத்தா அதைப் பலகையில் கொட்டி, பொடியாக அரிந்து, திரும்பக் கப்பில் போட்டார். முக்கால் கப்தான் வந்தது! ஒரு துண்டும் கீழே விழவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து எந்தக் குறிப்பிலும் கப்பைப் பார்க்கிறதுக்கு முதல் துண்டு என்ன அளவு என்றுதான் தேடுகிறேன்.

கல்லடியிலிருந்து:
துண்டின் அளவு மட்டும் இல்லை தங்கச்சி. 1 கப் வாழைப்பழம் என்று இருந்ததற்கு நான் வட்டமாக வெட்டிப் போட்டேன், கேக் வறண்டுபோனது. வெட்டினால் 150 கிராம், மசித்தால் 225. பப்பாசியும் அப்படித்தான், துண்டு 145, மசித்தது 230. அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன், கப்பில் பிழை இல்லை, 'சரிக்குச் சரி' என்பது நிறைக் கணக்கு, அதைக் கப்பில் கொண்டுபோனதுதான் பிழை. கப்பிலும் அமெரிக்கக் கப் 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250, நம்மட டின்பால் பேணிச் சுண்டு இரண்டையும்விடப் பெரிசு, அதனால் ஒரு சமையலுக்கு ஒரே பாத்திரத்தைத்தான் எடுக்க வேண்டும். சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். தோல், நடுத்தண்டு எடுத்த பிறகு நிறுங்கள், முழுப் பழத்தின் நிறையை நம்ப வேண்டாம். சாறு வடிந்திருந்தால் அதையும் சேர்த்து நிறுங்கள். அடிக்கடி செய்கிற பழங்களின் கணக்கை அலுமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:
தராசு இல்லாவிட்டால் தண்ணீரில் அளக்கலாம் என்று ஒருவர் சொல்லித் தந்தார், அதைச் செய்யாதீர்கள். அளவு ஜக்கில் 500 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, மட்டம் 750க்கு வரும்வரை அன்னாசித் துண்டு போட்டேன், மிதந்ததைக் கரண்டியால் அமர்த்திப் பிடித்தேன், இதுதான் ஒரு கப் என்று நினைத்தேன். கேக் நடுவில் ஈர்க்கால் குத்தினால் பச்சை மாவு ஒட்டி வந்தது, இன்னும் 20 நிமிடம் வைத்தும் அப்படியே. குறிப்பில் சொல்கிற கப்பில் துண்டுகளுக்கு இடையே காற்று இருக்கிறது, தண்ணீரில் அந்த இடைவெளி இல்லை. 165 கிராம் போட வேண்டியதற்கு 250க்குக் கிட்டப் போட்டிருக்கிறேன். கல்லடி அண்ணன் கப்பில் பிழை இல்லை என்கிறார். எனக்குச் சரியாகப் படவில்லை, காற்றையும் சேர்த்து அளக்கிற ஒன்றை எப்படி நம்புவது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
மாமியின் போத்தலை வாங்கி வந்து, கொஞ்சம் தண்ணீரும் தேசிக்காய்ப் புளியும் விட்டு மெல்லிய நெருப்பில் வைத்தேன், சீனி கரைந்துவிட்டது. நாளைக்குப் புதிதாகக் காய்ச்சப் போகிறேன். நறுக்கிக் கொண்டுபோனால் நிறுத்துத் தருகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். முதல் போத்தல் மாமிக்கு.